நூல் முடிய முன்னம்

என் முதல் கோடைகால வேலையின் சம்பளத்தில் பாதி ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குப் போனது. பெயின்ட்போல் துவக்கின் தலையில் இருக்குமே, குண்டு நிரப்பும் பெட்டி, லோடர். அதற்குத்தான்.

அப்போது எனக்கு 18 வயது. மொன்றியலுக்கு வெளியே ஒரு காட்டுத் திடலில் நண்பர்களோடு விளையாடுவேன். என் பழைய லோடரில் ஏறக்குறைய 200 குண்டுகள் பிடிக்கும். அவை தம் பாரத்தாலேயே கீழே இறங்க வேண்டும். கெதியாகச் சுட்டால் சிக்கிக்கொள்ளும், துவக்கை உலுக்க வேண்டும். குண்டு பாதி இறங்கும்போது விசையை இழுத்தால் உள்ளேயே வெட்டுப்பட்டுக் குழலெல்லாம் பெயின்ட். குண்டு என்பது 17 மில்லிமீற்றர் ஜெலற்றின் கூடுதானே, மீனெண்ணெய்க் குளிசையின் அண்ணன்!

புதிய லோடர் பற்றரியில் ஓடும். உள்ளே சுழலும் துடுப்பு குண்டுகளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சிக்கல் தீர்ந்தது. ஆனால் முன்பைவிடக் கெதியாகத் தோற்றேன். வேகமாகச் சுட்டேன், பெட்டியும் வேகமாகக் காலியானது. இடுப்பிலிருந்து 140 குண்டுக் குழலை உருவி, மூடியைத் திறந்து கவிழ்ப்பதற்குள் யாராவது அடித்துவிடுவார்கள்.

1981இல் நியூ ஹாம்ப்ஷயரில் 12 பேர் முதன்முதலாக இதை விளையாடியபோது, மரங்களுக்கு அடையாளமிடும் கைத்துவக்குத்தான் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுக்க வேண்டும். அவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் இருந்து லோடர் மூடியைத் திறந்து மூடிப் பழகினேன். துவக்கு மாதிரி எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் துவக்கு காரிலேயே இருந்தது. அம்மா கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றா.

"முழுக்க முடிஞ்ச பிறகே நிரப்புவாய்?"

"ஓம் அம்மா."

"நான் அப்பிடிச் செய்திருந்தா வாடகை கட்டியிருக்கேலாது."

அம்மா சபனெல் வீதியில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தவ. தைத்த துண்டுக்குத்தான் காசு. காலையில் மெஷினைப் போட முன்னமே பொபின்களுக்கு நூல் சுற்றி வரிசையாக வைத்துவிடுவாவாம். நூல் முடியும்வரை காத்திருக்கமாட்டா. ஒரு கட்டு முடிந்து அடுத்ததை எடுக்கும் இடைவெளியில் மாற்றிவிடுவா.

"மெஷின் எவ்வளவு கெதியா ஓடினாலும், நிக்கிற நேரத்துக்குக் காசில்லை."

அம்மா அந்த வேலையை எப்படிச் செய்தா என்று அதுவரை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்த கிழமை மூடியைக் கழற்றி, மென்மையான பிளாஸ்ரிக் விரல்கள் வைத்த வாயைப் பொருத்தினேன். விலை மிகக் குறைவு. குழலை அழுத்தினால் குண்டுகள் உள்ளே இறங்கும், வெளியே சிந்தாது. மழைக்கு மட்டும் பழைய மூடி, ஈரம்பட்டால் குண்டு ஊதிவிடும். பாதி முடிந்ததுமே மறைவில் குனிந்து, நண்பனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நிரப்பினேன். அன்று கடைசிவரை நின்றேன்.

இப்போது வேலையில் யாராவது வேகமான சேர்வர் கேட்டால், இருப்பது எங்கே சும்மா நிற்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அன்று அம்மா லோடரின் விலையையும் கேட்டா. பாதிதான் சொன்னேன். இதை வாசித்தால் மீதியைத் தெரிந்துகொள்ளட்டும்.