பிழைகள் சொல்லும் உறவுமுறை

தமிழ் இலக்கியம் பயிற்றுவிக்கும் எனக்குப் பரிணாமக் கொள்கையில் இவ்வளவு ஈடுபாடு ஏன் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. உயிரியல் நூல்களின் வழியாக வந்த ஈடுபாடு அன்று இது. முதுகலை மாணவர்களுக்குச் சுவடிப் பதிப்பியல் நடத்தும்போது மெல்ல மெல்ல வளர்ந்தது.

ஏட்டுச்சுவடியோடு பழகியவர்கள் அறிவார்கள். ஓலையில் புள்ளியிடும் வழக்கம் அரிது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தெரியாது. ரகரமும் துணைக்காலும் ஒரே உருவில் இருக்கும். படியெடுத்தவர் தடுமாறிய இடமெல்லாம் ஒரு பாடபேதம் பிறந்தது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஒரு பிரதியோடு நிறைவடையாமல் பல பிரதிகளைத் திரட்டி ஒப்பிட்டதற்குக் காரணம் இதுவே.

இவ்வொப்பீட்டில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு சுவடிகளில் சரியான பாடம் ஒன்றுபோல் இருந்தால் அதிலிருந்து அவற்றின் உறவு புலப்படாது. மூலத்தை ஒழுங்காகப் படியெடுத்தவர் எல்லோரும் அதைத்தான் எழுதியிருப்பர். ஆனால் ஒரே செய்யுளில், ஒரே சீரில், ஒரே எழுத்து இரண்டிலும் விடுபட்டிருக்கிறது என்று வையுங்கள். அத்தகைய இடங்கள் பலவாகப் பெருகுமானால், ஒன்று மற்றொன்றின் படியாக இருக்க வேண்டும். அல்லது இரண்டும் ஏற்கெனவே பிழைபட்ட ஒரு தாய்ச்சுவடியிலிருந்து வந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் லாக்மன் பெயரால் வழங்கத் தொடங்கிய பதிப்புமுறையின் உயிர்நாடி இதுதான். பிழையே மரபைக் காட்டிக்கொடுக்கும்.

இனி உயிரியலுக்கு வருவோம். நீண்ட கடற்பயணங்களில் மாலுமிகள் ஈறு வீங்கி, குருதி கசிந்து மாண்டனர். ஸ்கர்வி என்னும் அந்நோய்க்கு எலுமிச்சையும் ஆரஞ்சும் மருந்தாவதை 1747இல் ஜேம்ஸ் லிண்ட் பன்னிரண்டு மாலுமிகளிடம் சோதித்துக் காட்டினார். வைட்டமின் சி குறைவே நோயின் காரணம் எனப் பின்னர் தெரிந்தது. ஆட்டுக்கும் நாய்க்கும் இக்கவலை இல்லை. அவற்றின் கல்லீரலே அதைத் தயாரித்துக்கொள்கிறது. நமக்கு மட்டும் ஏன் இயலவில்லை?

அத்தயாரிப்பின் கடைசிப் படியை முடிக்கும் நொதிக்கான மரபணு நம்மிடம் இல்லாமல் இல்லை. சிதைந்து, பல பகுதிகள் உதிர்ந்து, செல்லரித்த ஓலைபோல் எட்டாவது குரோமோசோமில் கிடக்கிறது. மனிதர், சிம்பன்சி, உராங்குட்டான், மக்காக் குரங்கு ஆகியோரிடம் எஞ்சிய பகுதியை ஒப்பிட்டபோது, நால்வரிடமும் ஒரே இடத்தில் ஓர் எழுத்து விடுபட்டிருப்பது தெரியவந்தது. நம்மிடமிருந்து முன்னரே கிளை பிரிந்த லெமூர்களிடமோ இம்மரபணு இன்றும் பழுதின்றி வேலை செய்கிறது.

ஒரே படைப்பாளி ஒரே உத்தியைப் பல உயிர்களில் கையாளலாகாதா என்று சிலர் கேட்பர். கண்ணையும் கையையும் பற்றி அப்படிக் கேட்பதில் பொருளுண்டு; அவை சரியான பாடங்கள். உடைந்த மரபணுவைப் பற்றி அப்படிக் கேட்க முடியுமா? கினிப்பன்றியாலும் வைட்டமின் சி தயாரிக்க இயலாது. ஆனால் அதன் மரபணுவில் காணாமற்போன பகுதிகள் வேறு. வேறொரு காலத்தில், வேறொரு கிளையில், தனியே நேர்ந்த இழப்பு அது. பதிப்பாசிரியர் எதிர்பார்ப்பதும் இதைத்தானே?

மற்றொரு சான்று. மனிதருக்கு 23 இணைக் குரோமோசோம்கள். சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டானுக்கு 24. நமக்கு மூதாதை பொது எனில் ஓரிணை எங்கே போயிற்று? சுவடிக்கட்டின் இரு புறமும் மரச்சட்டம் வைத்துக் கட்டுவதுபோல, ஒவ்வொரு குரோமோசோமின் இரு முனைகளிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு முனைத்தொடர் உண்டு. கட்டின் நடுவே இரண்டு சட்டங்கள் ஒட்டியிருக்கக் கண்டால், இரண்டு கட்டுகள் ஒன்றாகக் கட்டப்பட்டன என்று அறிவோம். நம் இரண்டாவது குரோமோசோமின் நடுவே அப்படி இரு முனைத்தொடர்கள் எதிரெதிரே ஒட்டிக் கிடப்பது 1991இல் வெளியிடப்பட்டது.

சுவடியியலும் உயிரியலும் ஒப்புமையளவில் நின்றுவிடவில்லை. உயிரினங்களின் கிளைமரம் வரையப் பயன்பட்ட கணினி முறையை, சாசரின் காண்டர்பரிக் கதைகளில் ஒரு பகுதியின் 58 பதினைந்தாம் நூற்றாண்டுக் கைப்பிரதிகள்மீது செலுத்தி, அவற்றின் வழிமுறையை வரைந்து 1998இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர்.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது ஒரு கவலை. என்.சி.இ.ஆர்.டி. தன் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபுவழியும் பரிணாமமும்’ என்றிருந்த பாடத்திலிருந்து பரிணாமத்தை நீக்கியது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் பிறரும் 2023இல் கையொப்பமிட்டு எதிர்த்தனர். பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிட்டு என் வகுப்புக்கு வந்து சேரும் பிள்ளைகளை நான் எண்ணிக்கொண்டேன். ‘அது வெறும் கோட்பாடுதானே ஐயா?’ என்று அவர்கள் கேட்கிறார்கள். அறிவியலில் கோட்பாடு என்பது ஊகம் அன்று. சான்றுகளால் சோதிக்கப்பட்டு நிற்கும் விளக்கம் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்மவர்க்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துவதைக் காட்டி, டார்வினுக்கு முன்பே நாம் கண்டுவிட்டோம் என மேடைகளில் முழங்குகிறோம். அது வியக்கத்தக்க வகைப்பாடு, ஐயமில்லை. ஆனால் ஓருயிரினம் காலப்போக்கில் மற்றொன்றாயிற்று என அது சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாக ஏற்றுவது இடைச்செருகல். அதைக் களையப் பயின்ற நாமே அதைச் செய்யலாமா? தொல்காப்பியத்தின் பெருமைக்கு இரவல் ஒளி தேவையில்லை.

பக்தி இலக்கியம் நடத்தும்போது மனம் கரைபவன்தான் நான். குரங்கோடு உறவு என்பதால் அந்தக் கரைவு குறைந்துவிடவில்லை. எத்தனையோ கைகள் மாறிப் பிழையோடும் பேதத்தோடும் நம்மிடம் வந்து சேர்ந்த ஏட்டை நாம் இகழ்வதில்லை, கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். நம் உடலும் அத்தகைய ஓர் ஏடுதான்.