ஒரு பலகையும் உம்மும்மாவும்

பிரித்தானிய நகைச்சுவைக் கலைஞர் எரிக் சைக்ஸ் எழுதி, இயக்கி, நடித்த படம் ‘தி பிளாங்க்’. 1967இல் வெளியான இப்படம் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவாகவே ஓடும். கதையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: வீடு கட்டும் இரண்டு வேலையாட்களுக்குத் தரையை முடிக்க ஒரு பலகை குறைகிறது, அதை வாங்கிவரப் போகிறார்கள். மற்ற வேலையாளாக டொமி கூப்பர் நடித்திருக்கிறார்.

பலகை தெருவுக்கு வந்ததும்தான் கூத்து. நீண்ட பலகையைத் தூக்கிச் செல்பவர் சற்றுத் திரும்பினாலும் அதன் பின்முனை பெரிதாக வட்டமடிக்கும். அங்கே நிற்பவரின் கதி என்ன? தூக்கியவருக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். அடி விழும் முன்பே நமக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. படத்தில் சத்தங்களும் இசையும் இருக்கின்றன. ஆனால் கதையை விளங்கிக்கொள்ள ஒரு வசனமும் தேவையில்லை.

கடந்த விடுமுறையில் இதை எங்கள் உம்மும்மாவோடு சேர்ந்து பார்த்தேன். அவருக்குக் காது கேட்பது மிகக் குறைவு. வீட்டில் எல்லோரும் கூடிச் சிரிக்கும்போது, “என்ன புள்ள சொன்னாங்க?” என்று கேட்பார். “ஒண்டுமில்ல உம்மா” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அண்மைக்காலமாக அவர் கேட்பதையே விட்டுவிட்டார். சாப்பாடு முடிந்ததும் எழுந்து அறைக்குப் போய்விடுவார்.

அன்று எங்கள் எல்லோருக்கும் முன்னதாக அவர்தான் சிரித்தார். “பாருங்க, இவன் திரும்பப் போறான். பின்னால நிக்கிற மனிசனுக்கு விழப்போகுது!” என்று எங்களுக்கு விளக்கம் வேறு. அவர் சொன்னபடியே விழுந்தது. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். உம்மும்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

பிறகு சைக்ஸைப் பற்றித் தேடி வாசித்தேன். அவருடைய செவிப்புலனும் பெரிதும் குறைந்திருந்ததாம். அவர் அணிந்திருந்த மூக்குக்கண்ணாடியில் வில்லைகளே இல்லை. அதன் சட்டத்துக்குள் இருந்தது, எலும்பின் வழியே ஒலியைக் கடத்தும் செவிப்புலன் கருவி! 1979இல் இதே கதையைத் தொலைக்காட்சிக்காக அவர் மீண்டும் எடுத்தார். காது கேளாமை அவரிடமிருந்து சிரிப்பைப் பறிக்கவில்லை.

காது மங்கியவர்கள் நகைச்சுவை உணர்வை இழந்தவர்கள் அல்லர். நமது பேச்சு அவர்களை எட்டவில்லை, அவ்வளவுதான். “ஒண்டுமில்ல” என்பது மிகச் சிறிய சொல். ஆனால் அது ஒரு மனிதரைச் சபையிலிருந்து எழுப்பி அனுப்பிவிடுகிறது. அவர் முகத்தைப் பார்த்து, கையையும் அசைத்து, அந்தப் பகிடியை இன்னொரு முறை சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தை நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுப்போம்.