சொல்லத் தயங்கிய நோய்

மொழியாசிரியனுக்கும் சொற்பஞ்சம் வருவதுண்டு. 2011ஆம் ஆண்டு ஒரு நாள் மருத்துவர்முன் அமர்ந்து, என் நோயைத் தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்ல நாவெழாமல் விழித்தேன். இறுதியில் 'மூலம்' என்றேன். அதுவும் பிழையாயிற்று.

எனக்கிருந்தது மலவாய் வெடிப்பு. மலவாயின் உட்தோலில், பெரும்பாலும் பின்புறத்தே, கீறல்போல் தோன்றும் பிளவு அது. வெளிக்குப் போகையில் கத்தியால் அறுப்பது போன்ற வலி; பின்னர் மணிக்கணக்கில் எரிச்சல். அதற்கஞ்சியே உணவைக் குறைத்தேன். வகுப்பில் நின்றவாறே பாடம் நடத்தினேன். "நம்மவர் உட்காரவே மாட்டார், அத்துணைச் சுறுசுறுப்பு" என்று தலைமையாசிரியர் பெற்றோர் கூட்டத்திலேயே புகழ்ந்தார்!

ஓராண்டுக்கு மேல் ஒளித்தேன். துணி துவைக்கையில் குருதிக் கறையைக் கண்ட என் துணைவியார், "புற்றாக இருந்தால் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?" என்று கேட்டார். அக்கேள்விதான் என்னை மருத்துவமனைக்கு இழுத்துச் சென்றது.

இளைஞரான அம்மருத்துவர் என்னைச் சோதித்து, புற்றன்று எனத் தெளிந்தபின், தாளொன்றில் இரு வளையங்களை வரைந்தார். வெளிவளையத் தசை நம் விருப்பத்திற்கு அடங்குவது. உள்வளையத் தசை அடங்காதது. வலியால் உள்தசை இறுகுகிறது; இறுகுவதால் குருதியோட்டம் குன்றுகிறது; அதனால் புண் ஆறுவதில்லை. ஆறு வாரங்களுக்குமேல் நீடித்தால் தானாக ஆறுவது அரிது. விளிம்பில் தோல்முளையும் வளரும். அம்முளையைத்தான் நான் மூலமென மயங்கியிருந்தேன்.

தசையைத் தளர்த்தும் களிம்பை எட்டு வாரம் பூசினேன். தலைவலிதான் மிஞ்சியது. எஞ்சியது அறுவை. புண்ணைத் தொடாமல், பக்கவாட்டில் சிறிதே கீறி, உள்தசையின் கீழ்ப்பகுதியை அறுத்துத் தளர்த்துவார்களாம். 1969இல் நோட்டாரஸ் என்னும் அறுவை மருத்துவர் இதனைத் தோலுக்கடியிலேயே செய்யும் முறையை எழுதி வெளியிட்டார். புண்ணை ஆற்ற மற்றோர் இடத்தை அறுப்பதா என்று வியந்தேன்.

"பத்தில் ஒன்பது பேருக்குமேல் குணமாகிறது. ஆயினும் சிலருக்குக் காற்றை அடக்கும் ஆற்றல் குறையலாம், அரிதாக மலத்தையும்" என்றார் மருத்துவர். ஒப்புதல் தாளில் என் பேனா நின்றுவிட்டது. பன்னிரண்டு வயது மாணவர் முப்பதின்மர் முன்னிலையில் அப்படி நேர்ந்தால்? அந்த அச்சம் வலியினும் பெரிதாயிருந்தது. வீடு திரும்பி மூன்று இரவுகள் எண்ணிப் பார்த்தேன். நான்காம் நாள் காலை வலி கையெழுத்திட வைத்தது.

அறுவை அரை மணி நேரத்தில் முடிந்தது. அதன்பின் முதன்முறை வெளிக்குப் போகையில் சுவரைப் பற்றிக்கொண்டு பழைய வலிக்காகக் காத்திருந்தேன், அது வரவில்லை. வெந்நீர்த் தொட்டியில் அமர்ந்து, வெட்கமின்றி அழுதேன். காற்றடக்கம் இரு வாரம் தளர்ந்திருந்தது உண்மை, பிறகு மீண்டது. ஆறாம் வாரம் புண்ணும் மூடியது.

சென்ற ஆண்டு வேறொரு பள்ளியில் ஆசிரியர் ஒருவர் தேநீரை நின்றே பருகக் கண்டேன். நாற்காலியை நகர்த்தினேன், வேண்டாமென்றார். அருகே சென்று, "ஐயா, எத்தனை மாதமாக?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். அவர் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏழு" என்றார்.