தறிச் சத்தமும் ஒரு சைலன்சரும்

"மலருக்கு ஏதாவது எழுதிக் குடுங்கண்ணே" என்று பேரவைத் தம்பிகள் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார்கள். கவிதை எனக்கு வராது. காதல் கதை எழுத அனுபவம் போதாது (சிரிக்காதீர்கள்!). ஆகவே 2012-13இல் மூன்றாமாண்டு மெக்கானிக்கல் படித்தபோது நாங்கள் நான்கு பேர் செய்த ப்ராஜெக்டைப் பற்றி எழுதுகிறேன். அதில் எங்கள் அப்பாவும் வருகிறார்.

அந்த வருடத்து மின்வெட்டை நம் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருந்த பழைய ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தால் வகுப்பில் சார் வாயசைப்பதுதான் தெரியும், பாடம் கேட்காது. கடைசி பெஞ்சுக்கு அது கொண்டாட்டம். ஒருநாள் சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "ப்ராஜெக்ட் கெடைக்கல, கெடைக்கலன்னு அலையறீங்களே, இந்த ஜெனரேட்டர் வாயை மூட வழி பாருங்கடா" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

சார் எங்கிருந்தோ ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் கொண்டு வந்து கொடுத்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் எம்.எல். முஞ்சால் எழுதி 1987இல் வெளிவந்தது. குழாய்களிலும் சைலன்சர்களிலும் ஒலி எப்படிப் போகிறது என்பது மட்டுமே மொத்தப் புத்தகமும்! லாரி சைலன்சருக்கு இவ்வளவு பெரிய புத்தகமா என்று நாங்கள் சிரித்தோம். சைலன்சர் என்றால் சங்ககிரி ரோட்டில் வெல்டிங் பட்டறையில் தட்டி உருட்டி மாட்டுவது, அவ்வளவுதானே என்பது எங்கள் எண்ணம். உலகம் முழுக்க சைலன்சர் வடிவமைப்பவர்கள் எடுத்துப் பார்க்கிற புத்தகம் அது, 2014இல் இரண்டாம் பதிப்பும் வந்தது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டதுதான்.

அதில் பாதிக்கு மேல் எங்களுக்குப் புரியவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். புரிந்த மட்டும் சொல்கிறேன். ஒல்லியான குழாயில் வரும் ஒலி அலை திடீரென்று அகலமான டப்பாவுக்குள் நுழைந்தால், அங்கே சுவர் எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு பகுதி முட்டித் திரும்பிப் போய்விடும். டப்பாவிலிருந்து மறுபடி ஒல்லிக் குழாய்க்குள் போகும் இடத்திலும் அப்படியே. டப்பாவின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால் தடுப்பு அதிகம். அரைப் பங்காக அமைந்துவிட்டால் சத்தம் கும்பிடு போட்டுவிட்டு நேராகப் போய்விடும். பஞ்சு வேண்டாம், கம்பளி வேண்டாம், வெறும் தகரத்தின் அளவுதான் வேலை செய்கிறது! சைலன்சரைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டுக்கு இரண்டு மேட்ரிக்ஸ் எழுதி, எல்லாவற்றையும் வரிசையாகப் பெருக்கினால் முழு சைலன்சரின் குணமும் வந்துவிடுகிறது. "மேட்ரிக்ஸ் எதுக்கு சார் படிக்கணும்?" என்று முதலாண்டில் கணக்கு சாரைப் பாடாய்ப் படுத்தியது நான்தான்.

எங்கள் ஜெனரேட்டர் நான்கு சிலிண்டர், 1500 ஆர்.பி.எம். வினாடிக்கு 50 வெடிப்பு. அதோடு 100, 150, 200 ஹெர்ட்ஸ் என்று குட்டிகளும் வரும். 200ஐப் பிடிக்கலாம் என்று, ஒலி வேகம் 340 மீட்டர் எனப் போட்டு, டப்பா நீளம் 42 சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டு போனோம். சார் பார்த்தார். "ஏன்டா, எக்சாஸ்ட் குழாயை என்னைக்காவது தொட்டுப் பாத்திருக்கீங்களா?" என்றார். சூடான வாயுவில் ஒலி வேகமாகப் போகும். 400 டிகிரி என்றால் சுமார் 520 மீட்டர். நீளம் 65 சென்டிமீட்டர் ஆனது. தகரம் வெட்டுவதற்கு முன்பே மானம் போனது நல்லதாயிற்று.

மாட்டினோம். குழாய் வாயில் சத்தம் நன்றாகவே இறங்கியது. ஆனால் வகுப்பறையில் இரவல் மீட்டர் காட்டிய குறைவு மூன்றே டெசிபல்! என்ஜின் உடம்பு போடும் சத்தமும் ஃபேன் சத்தமும் அப்படியே இருந்ததுதான் காரணம். டெசிபல் கணக்கு விசித்திரமானது. சமமான சத்தம் போடும் இரண்டில் ஒன்றை அடியோடு நிறுத்தினாலும் மூன்றுதான் குறையும். முழு மெஷினையும் ஒலி தடுக்கும் கூண்டுக்குள் வைக்காமல் வழியில்லை. அதைத்தான் சட்டமும் கேட்டது. 1000 கே.வி.ஏ. வரையிலான புதிய டீசல் ஜெனரேட்டர்கள் கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று 2002இல் விதி வந்து, 2005 முதல் நடைமுறையானது. இந்த மாதிரி விஷயங்களை ஆராய்ந்த தேசிய ஒலி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்குத் தலைமை வகித்தவரும் அதே முஞ்சால்தான். எங்களுடையது விதிக்கு முந்தைய மெஷின். அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

அந்த மூன்று டெசிபல்தான் எனக்கு அன்றிரவு தூக்கம் வராமல் செய்தது. எங்கள் ஊர் பள்ளிபாளையம். அப்பா தறி ஓட்டுபவர். அவர் வேலை செய்த பட்டறையில் இருபத்துநாலு தறி. பன்னிரண்டை நிறுத்தினாலும் அப்பாவின் காதுக்கு மூன்றுதானே குறையும்?

மீட்டரைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒருநாள் பட்டறைக்கு எடுத்துப் போனேன். நூறை ஒட்டியே நின்றது. எட்டு மணி நேர வேலைக்குத் தொழிற்சாலை விதி அனுமதிப்பது 90. அப்பாவுக்கு ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம். தறியில் நாடாவைக் குச்சி அடித்துத் தள்ளுகிறது, மறுமுனைப் பெட்டியில் அது மோதி நிற்கிறது, நிமிடத்துக்கு நூற்றுக்கு மேல் இந்த அடி. இதற்கு எந்த சைலன்சரை எங்கே மாட்டுவது?

அதற்குள் அப்பாவுக்கு 'சட்டை' என்றால் 'கட்டை'யாகிவிட்டிருந்தது. அம்மா கத்திப் பேசுவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டார் சண்டை என்றே முடிவு கட்டியிருந்தார்கள். ஈரோட்டில் காது பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். கோடு நேராக வந்து 4000 ஹெர்ட்ஸில் பள்ளத்தில் விழுந்திருந்தது. இரைச்சல் முதலில் தின்பது அந்த இடத்தைத்தான். க, ச, த எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. போனது திரும்பாது என்றார்கள்.

இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று காதில் வைக்கும் ரப்பர் அடைப்பான் வாங்கி வந்தேன். அதுவரை அப்பா கழிவுப் பஞ்சைத்தான் அடைத்துக்கொள்வார்; பஞ்சு மனசுக்குத்தான் ஆறுதல். அப்பா அடைப்பானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காதை அடைச்சுட்டா நாடா மாட்டுனது எப்படிடா தெரியும்? தறியக் கண்ணுல பாத்து ஓட்டறதில்ல சாமி, காதுல கேட்டு ஓட்டறது."

என் டிப்ளமோவில் இதற்குப் பதில் இல்லை. சாரிடம் போய் நின்றேன். நல்ல காதுக்கு அடைப்பான் கறுப்புக் கண்ணாடி மாதிரி, தறியையும் பழுதையும் சேர்த்தே குறைப்பதால் வித்தியாசம் தெரியும் என்றார். "ஆனா உங்கப்பா சொல்றது அவரு காதுக்குச் சரிதான்டா. மேல் ஸ்தாயி ஏற்கெனவே போயிடுச்சு. அடைப்பானும் அதைத்தான் அதிகமா அடைக்கும்." நான் இதை எதிர்பார்க்கவில்லை. படித்தவன் சொன்னால் அப்பா தலையாட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

அடைப்பான் ஜோடி எங்கள் தம்பிக்குப் போனது. அந்தச் சித்திரையில்தான் அவனும் தறிக்குச் சேர்ந்திருந்தான். முதல் வாரம் கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். அப்பா மட்டும் தினமும் ஷிப்டுக்கு முன்னால், "மாட்டுனியா?" என்று காதைத் தொட்டுக் காட்டிக் கேட்பார். தன் காது ஒரு பக்கம், தம்பி காது ஒரு பக்கம் என்று அவர் கணக்கு வைத்துக்கொண்டார்.

இங்கிலாந்தில் லங்காஷயர் மில்களில் நெசவுப் பெண்கள் உதட்டைப் பெரிதாக அசைத்தே ஊர்க் கதை முழுவதையும் பேசிக்கொள்வார்களாம். படித்தபோது பள்ளிபாளையம்தான் ஞாபகம் வந்தது. இப்போது நான் ஓசூரிலிருந்து போன் செய்தால் தம்பி பேசுகிறான். அப்பா எதிரில் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் சொல்வதை அவன் சத்தமில்லாமல் திருப்பிச் சொல்வான். "சரி, சரி, சாப்புட்டானான்னு கேளு" என்று அப்பாவின் குரல் மட்டும் ஊருக்கே கேட்கும்.