75 சதவீதம்

மூளையில் வரும் புற்றுக்கட்டிகளிலேயே ரொம்ப மோசமானது கிளியோபிளாஸ்டோமா. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, டெமோசோலோமைடு மாத்திரை என்று எல்லாம் முடிந்த பிறகும் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். அதற்கு மின்சாரம் கொடுக்கிறார்கள் என்று சொன்னால் காந்தப் படுக்கை விற்பவர் பேச்சு மாதிரிதான் கேட்கும்.

ஆனால் இதன் பின்னால் இருப்பவர் இஸ்ரேலின் ஹைஃபாவில், டெக்னியனில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த யோராம் பால்ட்டி. அவர் யோசனை இது: செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் இழைகள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. அந்தப் புரதத்தில் மின்னூட்டம் சமமாகப் பரவியிருக்காது. வெளியிலிருந்து வினாடிக்கு 2 லட்சம் முறை திசை மாறும் மின்புலத்தைக் கொடுத்தால், அது ஒழுங்காக அடுக்கி நிற்க முடியாமல் தடுமாறும். பிரிகிற கடைசிக் கட்டத்தில் செல் உடுக்கை மாதிரி இடை சிறுத்து நிற்கும். அந்த இடையில் மின்புலம் குவியும். நரம்புகளால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது என்பதால் ஷாக் அடிக்காது. பிரியாமல் சும்மா இருக்கும் மூளைச் செல்களுக்குப் பெரிய பாதிப்பும் இல்லை. செல் உண்மையில் எப்படிச் சாகிறது என்பதில் இன்னும் வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது எங்கள் டீமில் இருக்கும் ஒரு அக்காவால். அமெரிக்காவில் இருக்கிறார். கணவருக்கு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை தலையை மழித்து, துடைத்து, நான்கு பட்டைகளை ஒட்டிவிடுவார். கால் நடுவே பீப் பீப் என்று கேட்கும். "ஒரு நிமிஷம்ப்பா, அவருக்கு பேட்டரி மாத்திட்டு வரேன்."

கருவி எத்தனை மணி நேரம் ஓடியது என்று மாதாமாதம் ரிப்போர்ட் வரும். நாளைக்கு 18 மணி நேரம், அதாவது 75 சதவீதம் தாண்டணும். எங்கள் தொழிலில் இதற்கு அப்டைம் என்று பெயர். சர்வருக்குச் சரி. ஒரு மாதம் தலைத்தோல் புண்ணாகி ஒரு வாரம் கழட்டி வைத்தார்கள். "60 வந்துச்சுடா. பரீட்சையில ஃபெயில் ஆன மாதிரி உக்காந்திருக்காரு" என்றார் அக்கா.

2017-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 695 பேர். மாத்திரை மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 16 மாதம். கருவியும் சேர்ந்தால் 20.9. ஐந்து வருடம் தாண்டியவர்கள் 5 சதவீதம், 13 சதவீதம். ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலிக் கருவி எதுவும் கொடுக்கவில்லை என்பது முக்கியமான விமர்சனம். நியாயம்தான். இருந்தாலும் வெறும் கவனிப்பு மட்டும் ஐந்து மாதம் தரும் என்று நான் நம்பவில்லை, அதுவும் இந்த நோயில்.

எனக்கு உறுத்துவது அடுத்த கணக்கு. அதிக நேரம் அணிந்தவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்கிறார்கள். உடம்பு தெம்பாக இருப்பவரால்தானே நாள் முழுக்க அணிய முடியும்? எது எதனால் என்று அந்தக் கணக்கு மட்டும் சொல்லாது. ஆனால் வீட்டுக்கு வரும் ரிப்போர்ட்டில் அந்தச் சந்தேகம் இருக்காது, நம்பர்தான் இருக்கும். கட்டி திரும்பி வந்தால், ஒழுங்கா போட்டிருந்தா வந்திருக்காதோ என்று அந்த வீடு தன்னையே கேட்டுக்கொள்ளும்.

மே மாதம் பெண்ணின் பட்டமளிப்பு விழா. ஒரு நாள் முழுக்கக் கழட்டி வைத்துவிட்டு, மழித்த தலையோடு தொப்பிகூட இல்லாமல் போனார். 30 நாளில் ஒரு நாள் என்றால் கிட்டத்தட்ட 3 சதவீதம். அந்த மாத ரிப்போர்ட்டை அக்கா இன்னும் திறக்கவில்லை.