முள்ளும் மிதிவண்டியும்

இராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் வழியாகப் பாம்பன் செல்லும் வட்டாரமெங்கும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இம்மரம் இங்குள்ள ஏழைகளுக்கு விறகும் கரியும் தருகிறது. மிதிவண்டியில் செல்வோருக்கு முள்ளைத் தருகிறது. இரண்டு அங்குலம் வரை நீளும் அம்முட்கள் காய்ந்து சாலையோரம் உதிர்ந்து கிடக்கும்.

இதை அறிந்தே, தங்கை மகனுடன் தனுஷ்கோடிக்குப் புறப்படுமுன், அவன் யோசனைப்படி என் வண்டிக்கும் டியூப் இல்லாத டயர்களைப் பொருத்தினேன். இவ்வகை டயரினுள் ரப்பர்ப் பால் கலந்த ‘சீலன்ட்’ என்னும் திரவத்தை ஊற்றி வைப்பார்கள். முள் தைத்தால், காற்றோடு வெளியே பாயும் திரவம் துளையிலேயே உறைந்து அதை அடைத்துவிடும். சற்றுப் பெரிய துளையாயின் ரப்பர்த் திரியை ஊசியால் செருக வேண்டும். திரியும் கைப்பம்பும் போதுமென்று நான் எண்ணினேன்.

மண்டபத்துக்கு முன்பே பின்சக்கரத்தில் முள் தைத்தது. சீறிய காற்று சிறிது நேரத்தில் தானே அடங்கியது. “பார்த்தீர்களா, மாமா!” என்றான் மருமகன். 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தில் கடற்காற்றோடு போராடியதைத் தவிர வேறு தொல்லையின்றித் தீவை அடைந்தோம்.

முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் இருபுறமும் மணலும் கடலுமே. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊரின் இடிபாடுகளைக் கடந்து செல்கையில், உடைந்த புட்டியின் சில்லொன்று என் பின்டயரின் பக்கவாட்டைக் கிழித்தது. வெண்ணிறத் திரவம் சாலையில் வழிந்தோடியது. மெல்லிய அப்பகுதியில் திரி நிற்கவில்லை.

மருமகனின் பையில் டியூப் ஒன்று இருந்தது. அதை மாட்டுவதற்குச் சக்கரத்திலிருந்த வால்வை முதலில் கழற்ற வேண்டும். காற்றுக் கசிகிறதென்று அதன் திருகுமரையைக் குறடால் இறுக்கியவன் நானே. குறடோ வீட்டில் இருந்தது. கரையில் படகு இயந்திரத்தைப் பழுது பார்த்துக் கொண்டிருந்த மீனவர் ஒருவர் தம் குறடைத் தந்து உதவினார்.

கிழிசலின் உட்புறம் பத்து ரூபாய்த் தாளை மடித்து வைத்து, டியூபை மாட்டிக் காற்றடித்தோம். அரைக் கிலோமீட்டர் செல்லுமுன் அதுவும் இறங்கிற்று! டயரைக் கழற்றி உட்புறத்தை விரலால் தடவியபோதுதான் உண்மை விளங்கியது. ஐந்து முள்முனைகள் அங்கே நீட்டிக் கொண்டிருந்தன. திரவம் அடைத்துவிட்டதால், அவை தைத்திருப்பதையே நாங்கள் அறியவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, டியூபை ஈரமற்றுத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டுப் போட்ட பின்னரே வண்டி நகர்ந்தது.

இவ்வழி செல்ல விரும்பும் வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். திரியும் ஊசியும் பம்பும் எளிதில் நினைவுக்கு வரும். அவற்றோடு டியூப் ஒன்று, டயர் நெம்பும் கட்டைகள், ஒட்டுப் போடும் பொருள்கள், சிறு குறடு, பழந்துணி, கிழிசலுக்கு உள்ளே வைக்கப் பழைய டயர்த் துண்டு ஆகியவையும் பையில் இருக்கட்டும். உங்கள் சக்கரத்தின் வால்வு ஒல்லியானதாயின், ஊர்க்கடைப் பம்பு அதற்குப் பொருந்தாது. சிறு பித்தளை அடாப்டர் ஒன்றும் வேண்டும். சீலன்ட் சில மாதங்களில் உலர்ந்துவிடும். நம் வெயிலில் இன்னும் விரைவாகவே உலரும். ஆகவே புறப்படுமுன் திரவம் இருக்கிறதா என்று பாருங்கள். வால்வின் திருகுமரையை விரலால் கழற்ற முடிகிறதா என்பதையும் வீட்டிலேயே சோதித்துக் கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, டியூபை மாட்டுமுன் டயரின் உட்புறத்தை ஒருமுறை முழுவதும் தடவிப் பாருங்கள். காற்று நின்றுவிட்டது என்பதால் முள் போய்விட்டது என்று பொருளாகாது.