நில் ரிட்டர்னும் நீர்ப்பறவையும்

பி.காம் படிக்கிறவளுக்கும் நாரைக்கும் என்னடி சம்பந்தம் என்று எங்கள் வகுப்பில் கேட்காதவர்கள் குறைவு. விலங்கியல் துறைப் பிள்ளைகள் குளக்கரைக்குப் போனால் அது ப்ராஜெக்ட். நாங்கள் போனால் ஊர் சுற்றல்! சம்பந்தம் நிறையவே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இது.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். 2011 முதல் ஜனவரி மாதத்தில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு என்று ஒன்று நடக்கிறது. ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தின் மணிமுத்தாறு மையமும் உள்ளூர் இயற்கை அமைப்புகளும் சேர்ந்து நடத்துகின்றன. கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். குழு குழுவாகப் பிரித்து ஆளுக்குச் சில குளங்களைக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் குளத்துக்குப் பஞ்சமில்லை. ஆற்றில் எட்டு அணைக்கட்டு, அவற்றிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், ஒரு குளம் மறுகால் பாய்ந்தால் அடுத்த குளம். பிசானப் பயிருக்குத் தேக்கிய தண்ணீரில் ஜனவரி மாதம் விருந்தாளிகள் வந்து இறங்கியிருப்பார்கள்.

முதலில் ஒரு பயிற்சி வகுப்பு. திரையில் படம் போட்டு, இது தாழைக்கோழி, இது நாமக்கோழி, நெற்றியில் வெள்ளை இருந்தால் நாமம் என்று ஞாபகம் வைத்துக்கொள் என்றார்கள். (எங்கள் ஊருக்கு இதைவிடச் சுலபமான பாடம் கிடையாது.) பறவைகளை அடையாளம் காண்பதைவிட எண்ணுவதுதான் பெரிய வித்தை. ஆயிரம் வாத்து மிதந்துகொண்டிருந்தால் எப்படி எண்ணுவது? முதலில் பத்தை மட்டும் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மீது வரிசையாக வைத்துக்கொண்டே போக வேண்டும். கூட்டம் பெரிதென்றால் ஐம்பது, நூறு என்று அளவைப் பெரிதாக்கலாம். எங்கள் பெரியப்பா அரிசிக் கடையில் வருஷக் கடைசியில் மூட்டை எண்ணுவதும் இப்படித்தான். வித்தியாசம், மூட்டை பறந்து போகாது.

எல்லாக் குளங்களையும் ஓரிரு நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. இன்று இந்தக் குளத்தில் எண்ணிய நாரை நாளை பக்கத்துக் குளத்துக்குப் போய்விட்டால் அதையே இரண்டு தடவை எழுதிவிடுவோம். எங்கள் பாடத்தில் டபுள் என்ட்ரி நல்லது, இங்கே கெட்டது :-)

எல்லாருக்கும் கூந்தன்குளம் வேண்டும். 1994இல் சரணாலயமான ஊர். சங்குவளை நாரை, கூழைக்கடா, இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து என்று கேமரா வைத்திருப்பவர்களின் சொர்க்கம். எனக்குக் கிடைத்ததோ பேர் சொன்னால் பக்கத்து ஊர்க்காரருக்கே தெரியாத ஒரு சின்னக் குளம். விடியுமுன் எழுந்து, இரண்டு பஸ் மாறிப் போனோம். பாதிக் குளத்துக்கு வேலிக்கருவை. மீதியில் ஆகாயத்தாமரை. ஓரத்தில் சாக்கடை வந்து விழுகிறது. ஒரு மணி நேரம் கரையில் நடந்தோம். மரத்தில் காகமும் மைனாவும் இருந்தன. நீர்ப்பறவை என்று எழுத ஒரு குருட்டுக்கொக்குகூட இல்லை.

கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்கள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னம்மா, சர்வேயா? பட்டா கிட்டா மாத்தப் போறியளா?"

"இல்ல தாத்தா, பறவை எண்ண வந்திருக்கோம்."

"இங்கயா?" என்று சிரித்தார். "சரி, எண்ணி?"

இந்த "எண்ணி?" என்பதற்கு அன்றைக்கு எங்களில் யாருக்கும் ஒழுங்கான பதில் வரவில்லை. அந்தக் காலத்தில் அறுப்பு முடிந்ததும் இந்தக் குளத்தில் வாத்துக் கூட்டம் இறங்கினால் தண்ணீரே தெரியாது என்று அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை வாத்து, எந்த வருஷம் வரை? அது அவருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. எழுதி வைக்க அப்போது ஆள் இல்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கூட வந்த பையன், ஒன்றும் இல்லாத குளத்துக்குப் படிவம் எதற்கு, கிழித்துப் போட்டுவிடலாம் என்றான். குழுத் தலைவர் அக்கா விடவில்லை. எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் போடச் சொன்னார். தண்ணீர் எவ்வளவு, களை எவ்வளவு, கழிவு கலக்கிறதா என்ற கேள்விகளையும் நிரப்பச் சொன்னார். எனக்கு உடனே ஞாபகம் வந்தது ஜிஎஸ்டிதான். ஒரு மாதம் ஒரு ரூபாய்க்குக்கூட வியாபாரம் நடக்காவிட்டாலும் கடைக்காரர் நில் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் வியாபாரம் இல்லையா, கணக்கைக் காட்டவில்லையா என்று தெரியாது. குளமும் அப்படித்தான். படிவம் வராத குளமும் பறவை வராத குளமும் ஒன்றல்ல. பறவை இருக்கும் இடத்துக்கு மட்டுமே போய் எண்ணிக்கொண்டிருந்தால் கணக்கு எப்போதும் லாபத்தில்தான் இருக்கும், கம்பெனி மூழ்கும் வரை.

ஒரு வருஷக் கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. மழை நன்றாகப் பெய்த வருஷம் பெரிய குளங்களில் எண்ணிக்கை குறையலாம். குட்டை, வயல், பள்ளம் என்று எங்கும் தண்ணீர் நிற்பதால் பறவைகள் சிதறிவிடும். குளம் நிரம்பி ஆழமாகிவிட்டால் காலை ஊன்றி மேய்கிற உள்ளானுக்கும் நாரைக்கும் அங்கே இடமில்லை. 2023 டிசம்பரில் எங்கள் பக்கம் வந்த வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மாதிரி வருஷத்தையும் வறண்ட வருஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பறவை குறைந்துவிட்டது என்று தலைப்புப் போடுவது கத்துக்குட்டி ஆடிட்டர் செய்கிற வேலை. பத்து வருஷத்து வரிசை வேண்டும். அதனால்தான் இதை வருஷா வருஷம், அதே மாதத்தில், முடிந்தவரை அதே குளங்களில் செய்கிறார்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இலேயே இந்தத் துணைக்கண்டத்தில் இப்படித்தான் தொடங்கியது.

எண்ணுக்கு எடை உண்டா? உண்டு. ராம்சர் ஒப்பந்தத்தில் ஒரு விதி: ஒரு நீர்நிலையில் வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளோ, ஒரு இனத்தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கோ இருந்தால் அதை உலக முக்கியத்துவம் உள்ளது எனலாம். யாராவது குளிரில் நின்று எண்ணாமல் அந்த எண் எங்கிருந்து வரும்? 2002இல் கோடியக்கரை சேர்ந்த பிறகு தமிழ்நாட்டிலிருந்து இருபது வருஷம் வேறு இடமே அந்தப் பட்டியலில் இல்லை. 2022இல் வரிசையாக அறிவித்தபோது கூந்தன்குளமும் வந்தது.

ஆனால் பட்டியலும் சட்டமும் மட்டும் போதாது என்பதற்குக் கூந்தன்குளமே சாட்சி. வீட்டு மரத்தில் கூடு கட்டினாலும் ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். தீபாவளிக்கு வெடி இல்லை. அதேபோல் திருப்புடைமருதூரில் கோயிலை ஒட்டிய மரங்களில் தங்கும் பறவைகளுக்காக ஊராரே கேட்டு, 2005இல் அது நாட்டின் முதல் 'கன்சர்வேஷன் ரிசர்வ்' ஆனது. இரண்டு ஊரிலும் பறவைக்கும் ஊருக்கும் ஏற்கெனவே கொடுக்கல் வாங்கல் இருந்தது. எங்கள் சின்னக் குளத்தில் அந்தக் கணக்கு எப்போதோ முடிக்கப்பட்டுவிட்டது.

அதனால் எனக்குத் தோன்றுவது, எண்ணிய எண் எண்ணப்பட்ட ஊருக்கே திரும்பிப் போக வேண்டும். கணினியில் ஏறுவது நல்லதுதான். 'இந்தியப் பறவைகளின் நிலை' 2023 அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேச முடிந்ததே, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஈபேர்டில் ஏற்றிய மூன்று கோடிப் பதிவுகளால்தான். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் மொட்டைமாடியிலிருந்து பதினைந்து நிமிஷம் பார்த்து ஏற்றினாலும் அதில் சேரும். ஆனால் மாடு மேய்க்கிற தாத்தா ஈபேர்ட் பார்க்க மாட்டார். அக்காவிடம் சொன்னேன். அடுத்த வாரமே ஒரு சார்ட் பேப்பர் வாங்கிக் குளத்தின் பெயர், தேதி, தண்ணீர், வேலிக்கருவை, சாக்கடை, பறவை 0 என்று பெரிய எழுத்தில் எழுதி, அந்த ஊர் டீக்கடையில் கேட்டு ஒட்டினோம். டீ ஆற்றிக்கொண்டே படித்த கடைக்கார அண்ணாச்சி, "சைபருக்கா ஒரு நோட்டீஸு?" என்றார். பெஞ்சில் இருந்த ஒருவர், பஞ்சாயத்தில் மனு கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது என்று ஆரம்பித்தார். பேச்சு பறவையை விட்டு மடைக்குப் போய், மடையிலிருந்து சாக்கடைக்குப் போய், எங்கள் பஸ் வரும் வரை ஓயவில்லை.

வருகிற ஜனவரிக்குப் பெரிய குளம் தருகிறோம் என்கிறார்கள். அதே குளத்தைத்தான் கேட்டிருக்கிறேன். செமஸ்டர் தேதி மட்டும் இடிக்காமல் இருக்க வேண்டும்.